பிரிக்காத பெட்டிகள்

அத்தியாயம் 11

ஆறு நாளாக அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் காரணம். விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை ஜெரினின் தாய் ஹெப்சிபா, சாப்பாட்டுக்கு நடுவே மெதுவாகத்தான் சொன்னார். "அண்ணே, சீர்னு ஒரு சாமானும் அனுப்ப வேண்டாம். பெனிஷா வந்தா போதும்."

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். ராசையா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். 'வேண்டாம்' என்று மகளும் சேர்ந்து தலையாட்டியதை அவரால் தாங்க முடியவில்லை.

காலடிப்பேட்டையில் அவர் நடத்தும் கடையின் பெயரே 'பெனிஷா ஹோம் நீட்ஸ்'. மிக்சி, கிரைண்டர், பீரோ, கட்டில். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனையோ பெண்கள் அவர் கடைச் சாமான்களோடுதான் புகுந்த வீட்டுக்குப் போனார்கள்.

அவர்களுக்கெல்லாம் விற்றவர், தன் மகளுக்குச் சேர்த்தும் வைத்தார். வருடப் பிறப்பு ஆராதனையில் கையில் கிடைக்கும் பைபிள் வசன அட்டையை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வருவார். அந்த வருடம் வந்த சரக்கில் எது ஆக நல்லதோ அதில் ஒன்றை எடுப்பார். பெட்டியின் மேல் அட்டையை ஒட்டி, மார்க்கரில் மகள் பெயரை எழுதி, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, பின்பக்கக் குடோனில் வைத்துப் பூட்டுவார். மகளுக்கு ஏழு வயதில் தொடங்கிய பழக்கம். இப்போது அவளுக்கு இருபத்தைந்து. குடோனில் பத்தொன்பது பெட்டிகள். ஒன்றையும் அவர் பிரித்ததில்லை. ஜெபம் பண்ணி வைத்த பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்தச் சனிக்கிழமை காலையில் அவர் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது பெனிஷா அறை வாசலில் வந்து நின்றாள். ஆறு நாளில் முதல் தடவை.

"அப்பா, குட்டி யானைக்குச் சொல்லியிருக்கீங்களாம். கொடுங்கையூர்ல அத்தை வீட்டுக்கா?"

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் பேசினார். "தங்கம், ராசையா மக வெறுங்கையோட போனான்னு ஊர்ல ஒருத்தன் சொல்லக் கூடாது. சொல்லு உன் மககிட்ட."

தங்கபுஷ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பக்கத்துலதானே நிக்கா. நீங்களே சொல்லுங்களேன்."

"அப்பா, அவங்க வீடு மூணாவது மாடி. ரெண்டு ரூம். அத்தைக்கு மூச்சுத் திணறல். ஜெரின் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர். தினம் எத்தனையோ கண்டெய்னர் இறக்குறேன், எல்லாம் சுத்திச் சுத்திக் கடைசியில எங்க தெருக் குப்பை மேட்டுக்குத்தான் வருதுன்னு சொல்லுவார். அவங்களுக்குப் பிடிக்காததைக் கொண்டுபோய் இறக்கிட்டு, அதுக்கு நடுவுல என்னை வாழச் சொல்றீங்களா?"

"பத்தொன்பது வருசம் நான் பண்ணுன ஜெபம் அவங்களுக்குப் பிடிக்கலையாமா?"

"ஜெபத்தை யாரும் வேண்டாம்னு சொல்லலையேப்பா." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வண்டி அங்க போச்சுன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம். எங்க ரெண்டு பேரோட பேச்சுக்கு மதிப்பில்லாம தொடங்குற வாழ்க்கை எனக்கு வேண்டாம்."

சின்னப் பிள்ளை மிரட்டல் என்று நினைத்துக்கொண்டு ராசையா செருப்பை மாட்டினார்.

* * *

கடையில் வியாசர்பாடியிலிருந்து வரும் ரேகா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவள். ஒரு காலத்தில் அவளோடு நாலு பேர் இருந்தார்கள். இப்போது அவள் ஒருத்திதான். இந்த மாதமும் இப்படியே போனால் கடையைச் சுருக்கிவிடலாம் என்று ராசையா ஒரு தரம் அவள் காதுபடச் சொல்லியிருந்தார். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் ஆளாகப் படியேறியவர் காத்தூன் பீவி.

"அண்ணாச்சி, மிக்சி ஜாருக்கு வாஷர் கீதா?"

"வாஷர் எதுக்கும்மா? பழச குடுத்துட்டுப் புதுசா எடுத்துக்கோங்க. எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்கு."

"நல்லா ஓடுறத இன்னாத்துக்குக் குடுக்கணும்? பதினோரு வருசமா தேங்கா அரைக்குது. எங்க வூட்டுக்காரரு கூட இவ்ளோ சொன்ன பேச்சு கேட்டதில்ல."

ரேகா களுக்கென்று சிரித்தாள். காத்தூன் பீவி வாஷரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே சொன்னார். "முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி. எங்க தெருவுல புதுசு வாங்கினா, பழசுக்கு இன்னா கேடு வந்துச்சுன்னு கேக்குறாளுங்க. எத்தினி வருசம் ஓட்டுனேன்னு சொல்றதுலதான் இப்ப கெத்து."

அவர் போன பிறகு ராசையா முணுமுணுத்தார். "கெத்தாம். வாங்குறவன் இல்லாட்டா விக்கிறவன் வீட்ல அடுப்பு எப்படி எரியும்?"

அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரேகா வீட்டு அடுப்பும் அதில் அடக்கம்.

வண்டி வந்தது. டிரைவர் அசோகனும் ரேகாவும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார்கள்.

"ஒருக்கா பிளக்கை மாட்டிப் பாத்துடலாமா அண்ணாச்சி? கடல்காத்து வேற. ரொம்ப நாளு கெடந்துச்சு" என்றாள் ரேகா.

"சீர்ப் பெட்டி அது. பிரிக்கக் கூடாது. ஏத்து."

* * *

கொடுங்கையூரில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே அசோகன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டான். தெருவின் கோடியில் குப்பை மேடு புகைந்துகொண்டிருந்தது.

ஹெப்சிபா மூன்று மாடியும் மூச்சு வாங்க இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கோபம் இல்லை அவர் முகத்தில், களைப்புதான்.

"வாங்கண்ணே. வண்டியை அனுப்பிட்டு மேல வாங்க. காப்பி போடுறேன்."

"சாமானை இறக்கிட்டு வாரேன் தங்கச்சி."

"பெனிஷா காலையிலேயே போன் பண்ணிட்டா அண்ணே. வண்டி வந்தா கல்யாணத்தை நிறுத்திடுங்க அத்தைன்னு ஒரே அழுகை. நான்தான் சமாதானம் சொல்லி வச்சிருக்கேன்."

ராசையா வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மிரட்டல் இல்லையா அப்போது? ஆனாலும் கால் பின்வாங்கவில்லை. "எதுக்குத் தங்கச்சி இவ்வளவு வைராக்கியம்? நான் என்ன விஷத்தையா கொண்டுவந்திருக்கேன்?"

ஹெப்சிபா தெருக்கோடியைக் காட்டினார். "அங்க எரியுது பாருங்க. எல்லாம் யாரோ ஒரு காலத்துல ஆசைப்பட்டு வாங்குனதுதான். வகுப்புல பிள்ளைங்க இருமிக்கிட்டே இருக்கும். நானும் இருமிக்கிட்டே போர்டுல எழுதுவேன். முப்பது வருசம் அப்படிப் போச்சு. இப்பெல்லாம் புதுப் பெட்டியைப் பார்த்தா எனக்குச் சாமானாவே தெரியல அண்ணே. அந்த மேட்டுக்குப் போக வரிசையில நிக்குற மாதிரி தெரியுது. என்னை மன்னிச்சுக்கோங்க."

ராசையாவின் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாள் இளகிவிட்டார். "சரி, உங்க மனசு நோக வேண்டாம். ஒண்ணே ஒண்ணு இறக்குங்க. மிக்சி. பெனிஷாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒன்றாவது ஏற்றுக்கொண்டார்களே என்று ராசையாவுக்குக் கண் கலங்கியது. தன் கையாலேயே பெட்டியைப் பிரித்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பிளக்கில் மாட்டி, குமிழைத் திருகினார்.

உம்மென்று ஒரு முனகல். பிளேடு சுற்றவில்லை. கருகல் நாற்றம் வந்தது. அசோகன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"இது... இது கொஞ்சம் பழசு. வேற இருக்கு." ராசையா அடுத்த மிக்சியை எடுத்தார். அது முனகக்கூட இல்லை. கிரைண்டரைப் பிரித்தார். பெல்ட் விரலில் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குக்கர் வாஷர் அப்பளம் மாதிரி முறிந்தது. வாஷிங் மெஷினைச் சாய்த்தபோது அடித்தகடு துருவாகக் கழன்று அவர் செருப்பின் மேல் கொட்டியது. பளபளவென்று டேப் ஒட்டியிருந்த அட்டைப் பெட்டிகளுக்குள்ளே, கடல் காற்று பத்தொன்பது வருடமும் ஓயாமல் வேலை செய்திருந்தது.

தெரு கூடிவிட்டது.

"இன்னா அண்ணாச்சி, ஒத்த சரக்கு ஓடல? விக்காத சரக்கையெல்லாம் பொண்ணு தலைல கட்டுறியா?"

யாரோ சிரித்தார்கள். ராசையாவின் கை நிற்கவில்லை. ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று ஓடிவிட்டால் போதும் என்கிற மாதிரி அடுத்த பெட்டியின் டேப்பைக் கிழிக்கப் போனார். அவர் கையின் மேல் ஹெப்சிபா தன் கையை வைத்தார்.

"போதும் அண்ணே."

பிறகு தெருவைப் பார்த்து, வகுப்பறைக் குரலில் ஓர் அதட்டல். "இங்க என்ன வேடிக்கை? போங்க எல்லாரும்!"

யாரும் நிற்கவில்லை. அவர் ராசையாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். 'நான்தான் வேண்டாம்னேனே' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நல்ல மனசே ராசையாவுக்கு அப்போது பாரமாக இருந்தது.

* * *

திரும்பும் வழியில் ஜஹாங்கீரின் பழைய இரும்புக் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இன்னாண்ணாச்சி, சீல் பிரிக்காத பெட்டி? எங்கியாவது சுட்டுட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்த ஜஹாங்கீர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துக்கோ பாய். எடை போட வேண்டாம். ஒண்ணும் தர வேண்டாம்."

ஆட்கள் முதல் பெட்டியை இறக்கியதும் ஒருவன் சுத்தியலை ஓங்கினான். "டேய், கீழ போடுடா! மொதல்ல அண்ணாச்சி கெளம்பட்டும்" என்று ஜஹாங்கீர் சத்தம் போட்டார். பிறகு குனிந்து, பெட்டிகளின் மேல் இருந்த வசன அட்டைகளைக் கத்தி முனையால் கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. அட்டைகளை அடுக்கி ராசையாவின் சட்டைப்பையில் வைத்தார்.

"சாமி எழுத்து. ஒடைக்கிற எடத்துல கெடக்கக் கூடாது."

வண்டி நூறடி போகுமுன் பின்னால் முதல் அடி விழும் சத்தம் கேட்டது. ராசையா திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

மூன்று மணிக்குக் கடையில் ஒருவர் காத்திருந்தார். எண்ணூரிலிருந்து வந்த லோகநாதன். அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் ஒப்பந்த வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு, போன மாதம் ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பட்டியல்.

"அண்ணாச்சி, பொண்ணு கல்யாண செட்டு ஃபுல்லா வோணும். மிக்சி, கிரைண்டரு, பிரிட்ஜ், வாஷிங் மெசினு, அல்லாம்."

மூன்று மாதத்தில் முழு செட்டு கேட்டு வந்த முதல் ஆள். ரேகா அவசரமாக நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஒளி.

"கல்யாணம் எப்போ?" என்று ராசையா கேட்டார்.

"அதுக்கு இன்னும் காலம் கீது. எழில்மொழி இப்பதான் பத்தாவது படிக்குது. கைல துட்டு இருக்கும்போதே வாங்கிப் போட்டுட்டா நிம்மதி பாருங்க. அட்டைய பிரிக்காம கட்டிலுக்கு அடில தள்ளிட்டா, அது பாட்டுக்குப் புதுசாவே கெடக்கும்."

ராசையா பட்டியலைப் பார்த்தார். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேகாவுக்கு இன்னும் ரெண்டு மாதம் வேலை இருக்கும். ரேகா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் லோகநாதன். கிடக்காது. செத்துப்போகும். காலம் வரும்போது, அந்தப் பிள்ளை என்ன கேக்குதோ அதை வாங்கிக் குடுங்க. ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாலும் கேட்டுக்கோங்க."

லோகநாதன் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"இன்னா, நம்மளாண்ட துட்டு இருக்காதுன்னு பாக்குறியா? சாம்பல் அள்ளுறவன் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குன்னு தோணுதா?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"வாங்க வர்றவன வாணாம்ன்ற மொத கடைக்காரன் நீதான்யா."

அவர் படியிறங்கி, எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த கடைக்குள் போனார். அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டோ வந்தது, பெட்டிகள் ஏறின. இந்தப் பக்கம் கல்லாவில் உட்கார்ந்தபடி ராசையா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னதில் அந்த மனிதருக்கு அவமானம் மிஞ்சியது. ரேகாவுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் ரேகா துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு, விடுவிடென்று ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைப் பக்கம் போனாள்.

வேலை கேட்கப் போகிறாள் என்று ராசையா நினைத்தார். போகட்டும், அதுதான் சரி என்றும் நினைத்தார். ஆனால் அவள் கடைக்குள் நுழையவில்லை. ஆட்டோவின் பக்கத்தில் நின்று லோகநாதனிடம் ஏதோ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் முறைத்தார். அவள் விடவில்லை. கடைசியில் அந்த மனிதர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, மேலாக இருந்த பெட்டியின் டேப்பை நடுரோட்டிலேயே கிழித்து உள்ளே பார்த்தார்.

ரேகா திரும்பி வந்தாள்.

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

"வூட்டுக்குப் போனதும் அல்லாத்தியும் பிரிச்சு ஓட்டுங்க, பொண்டாட்டி யூஸ் பண்ணட்டும், சும்மா வச்சா கெட்டுப் பூடும்னு சொன்னேன். அசோகன் அல்லாத்தியும் சொன்னான் அண்ணாச்சி." கொஞ்சம் தயங்கினாள். "திங்கக்கெழம நான் வர்ட்டா?"

ராசையா கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அவள் சற்றுக் காத்திருந்துவிட்டு, துணியை எடுத்து மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

* * *

நாலரை மணிக்குத் தங்கபுஷ்பம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவர் இன்னும் சாப்பிடவில்லை என்பது கேட்காமலேயே அவளுக்குத் தெரிந்தது. தட்டை வைத்துப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சோற்றைத் தொடாமல் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மிக்சி, கிரைண்டர், தெருச் சிரிப்பு, ஜஹாங்கீர்.

தங்கபுஷ்பம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாஷிங் மெஷினுமா?"

"அதுந்தான்."

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். முட்டி புடைத்து, சோப்புத் தண்ணீரில் வெளிறிப்போன கைகள்.

"அது வந்த வருசம்தான் எனக்கு ஆபரேஷன் ஆச்சு. குனிய முடியாது. அதைக் கொண்டாந்து வீட்ல போடுங்களேன்னு கேக்கணும்னு ஒரு வாரம் நினைச்சேன். பிள்ளைக்குன்னு ஜெபம் பண்ணி வச்சது, ஆசைப்படக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். ராசையாவுக்கு அழுகை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. மகளுக்கும் ஆகவில்லை, மனைவிக்கும் ஆகவில்லை. யாருக்காக அந்தக் கதவைப் பூட்டினோம் என்று நினைத்துப் பார்த்தார். 'கர்த்தாவே' என்று மட்டும் வாய்க்குள் சொன்னார். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

கடைசியில், "பெனிஷாவுக்குப் போன் போடு. நான் பேசுதேன்" என்றார்.

தங்கபுஷ்பம் போனைத் தொடவில்லை.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். சாப்பிட்டு முடிக்கட்டும்னு பார்த்தேன். பிள்ளை நாலு மணிக்கே ராயபுரம் துறைமுகக் கேட்டுக்குப் போயிட்டா. ஜெரின் ஷிப்டு முடிஞ்சு வர்ற நேரம். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைக் கழட்டி, டப்பாவுல வச்சு எடுத்துட்டுப் போறா. மறிச்சேன். 'அப்பா வண்டியை அனுப்பிட்டாரும்மா'ன்னா. அவ்வளவுதான் பேசுனா."

ராசையா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினார். மாப்பிள்ளையின் எண்ணையும் அழுத்தினார். அவன் எடுக்கவில்லை.

"ஒரு பெட்டிகூட அங்க நிக்கலைன்னு அவளுக்குத் தெரியாதே, தங்கம். போனை அணைச்சு வச்சிருக்கா, அவ அத்தையும் சொல்லியிருக்க முடியாது. தெரியாதே!"

அவர் அவசரமாக எடுத்ததில் ஸ்கூட்டர் சாவி கீழே விழுந்தது. ரேகா குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க கெளம்புங்க அண்ணாச்சி. இப்பவே போங்க. கடைய நான் பாத்துக்குறேன்."